வேல்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகத்துக்காகவும் வேலைக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா நடுவில் பேசிக்கொண்டே இருந்தார். உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "இந்தத் தேசம் உம்மை விட்டது, அதனால் நீர் இதை விட்டுவிட்டீர்" என்று ஜெபித்தாராம். உனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லையாம். வராமல் போனது நல்லதுதான் பாப்பா. ஏன் என்று எழுதுகிறேன், டூட்டி இல்லாத நாளில் உட்கார்ந்து படி.

நம் பக்கத்துக் கன்வென்ஷன்களில் வேல்ஸ் என்றாலே, ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மனந்திரும்பிய 1904 எழுப்புதல்தான். அதை முன்னின்று நடத்திய இவான் ராபர்ட்ஸுக்கு அப்போது 26 வயது. சின்ன வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். லக்கர் ஊரில் மோரியா ஆலயத்தில் சில வாலிபர்களோடு ஆரம்பித்தது, சில மாதங்களில் நாடு முழுக்கப் பரவியது. ஒரு லட்சம் பேர் மனந்திரும்பினார்கள் என்பார்கள். அன்றைக்கு அந்த நாட்டில் மொத்தமே ஏறக்குறைய 20 லட்சம் பேர்தான். சுரங்கக் குதிரைகள் கெட்ட வார்த்தை கேட்டே பழகினவை, எஜமான்கள் திருந்திவிட்டதால் அவர்கள் சொல்வது குதிரைக்கே புரியவில்லை என்ற கதையை நீயும் எத்தனை தடவை கேட்டிருப்பாய்! அதைச் சொல்லாமல் எந்தப் பிரசங்கியாரும் மேடையை விட்டு இறங்கியதில்லை.

ஆனால் அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. 1906க்குள் இவான் ராபர்ட்ஸ் உடலும் மனமும் ஓய்ந்துபோய் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் ஒதுங்கிவிட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஜெபத்திலேயே இருந்தாராம். தேசமோ இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. 1913இல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்கள் 5.6 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எடுத்தன. அதற்கு மேல் அவை ஒருநாளும் எடுத்ததில்லை. பிரிட்டிஷ் கடற்படையே அந்தக் கரியில்தான் ஓடியது. அதே 1913 அக்டோபரில் செங்கெனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளிகள் செத்தார்கள். எழுப்புதல் வந்து ஒன்பது வருஷம்கூட நிறையவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை வீடுகளில் காலையில் குடும்ப ஜெபம் பண்ணிவிட்டு இறங்கியிருப்பார்கள்! பாதுகாப்பு விதிகளை மீறியதற்காகக் கோர்ட்டில் சுரங்க மேலாளருக்குப் போட்ட அபராதம் 24 பவுண்டு.

இதைப் படித்தபோது எனக்கு ஆமோஸ் தீர்க்கதரிசிதான் ஞாபகத்துக்கு வந்தார். தரித்திரனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள் என்று அவர் கத்தினாரே, அது இஸ்ரவேல் விழுந்துகிடந்த காலத்தில் இல்லை. இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் நாட்களில், எல்லை விரிந்து, யானைத் தந்தத்தால் வீடு இழைத்து, பாட்டும் பண்டிகையுமாக இருந்த காலத்தில். ஆராதனைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆக, ஆலயம் நிறைந்திருந்தால் தேசம் நன்றாக இருக்கிறது, காலியானால் கெட்டுவிட்டது என்று கணக்குப் போடுவது வேதத்தின் கணக்கு இல்லை.

வேல்ஸ் இறங்கியதற்கும் காரணங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின. வெளிநாட்டுச் சந்தை போயிற்று. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்ற பிறகு சுரங்கங்களை வரிசையாக மூடினார்கள். உன் ஊருக்குப் பக்கத்திலேயே போர்ட் டால்பட் இரும்பாலையில் இரும்பு உருக்கும் கடைசி ஊதுலையும் 2024 செப்டம்பரில் அணைந்தது. அணைத்தது நம் டாடா கம்பெனி. வேலை போனால் வாலிபர்கள் ஊரை விட்டுப் போவார்கள், அப்புறம் ஆலயத்தில் கிழவிகள்தான் மிஞ்சுவோம். இது நம் கிராமச் சபைகளிலும் நடக்கிறதுதானே? அவிசுவாசம் இல்லை என்று சொல்லவில்லை. 2021 கணக்கெடுப்பில் 46.5 சதவீதம் பேர் மதமே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், கிறிஸ்தவர்கள் என்று எழுதியவர்கள் அதைவிடக் குறைவு. அது துக்கம்தான். ஆனால் சிகிச்சைக்கு வந்திருக்கிற மனுஷனைப் பார்த்து "உனக்கு நன்றாக வேண்டும்" என்று சொல்கிற நர்சாக உன்னை நான் வளர்க்கவில்லை.

"என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி" என்ற வசனத்தை அங்கேயும் அடிக்கடி எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். 2 நாளாகமம் 7:14. தேசத்துக்கு க்ஷேமம் கொடுப்பேன் என்கிற வாக்குத்தத்தம் வரைக்கும் எல்லாருக்கும் பிடிக்கும். யார் தாழ்த்த வேண்டும் என்று பார். வெளியே குடித்துக்கொண்டிருக்கிறவன் இல்லை, ஜெபிக்கிறவன். தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தையும் எடுத்துப் படி. அவர்மேல் சிங்கங்களுக்குக்கூடக் குற்றம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர் "அவர்கள் பாவம் செய்தார்கள்" என்று ஒதுங்கி நிற்கவில்லை, "நாங்கள் பாவம் செய்தோம்" என்று தன்னையும் சேர்த்தே சொன்னார். தேசத்துக்காக மன்றாடுவதைத் திறப்பில் நிற்பது என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். சுவரில் உடைந்த இடத்தில் நிற்கிறவனுக்கு அந்த ஊர் சொந்த ஊராக இருக்க வேண்டும்.

நீ அங்கே வந்தேறிதானே, எப்படி "நாங்கள்" என்று சொல்வது என்பாய். எரேமியா 29ஐப் பார். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களிடமே அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொன்னார் கர்த்தர். பாபிலோனுக்கே அப்படியென்றால், வேல்ஸுக்கு நாம் கடன்பட்டவர்கள். அந்த நாட்டு மிஷனரிகள் மேகாலயாவின் காசி மலைக்கும் மிசோரத்துக்கும் வந்தார்கள். 1905இல் எழுப்புதல் காசி மலையில் இறங்கியது, அந்த அக்டோபரில் நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரிலும். இப்போது மிசோ சபை வேல்ஸுக்கு ஊழியர்களை அனுப்புகிறது. அங்கே வட வேல்ஸில் நாசரேத் என்று ஒரு ஊர் இருக்கிறதாம், உன் தாத்தா இருந்திருந்தால் டிக்கெட் போடச் சொல்லியிருப்பார்.

மறுபடியும் 1904 வேண்டும் என்று மட்டும் ஜெபிக்காதே. பழைய மகிமையைத் திருப்பிக் கேட்பதில் பாதி, பழைய செல்வத்தின் மேல் இருக்கிற ஏக்கம்தான். வேலை போன அந்த உலைக்காரர்களுக்கு வேலை கிடைக்க ஜெபி. உன் வார்டில் பார்க்க யாருமே வராத பெரியவர்களுக்காக ஜெபி. உங்கள் தெருவில் விற்பனைக்கு வந்திருக்கும் ஆலயத்தில் கடைசிவரை வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள் என்று விசாரி.

லக்கர் உனக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான். மோரியாவுக்கு ஒரு தடவை போய்விட்டு வா. போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே, ஆராதனை நடந்தால் உட்கார். வெல்ஷ் புரியாவிட்டாலும் பரவாயில்லை, ராகம் சிலது உனக்குத் தெரிந்ததாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த பாட்டிகளிடம் பேசி, பேர்களை எழுதி அனுப்பு. எங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் "வேல்ஸ் தேசம்" என்று பொதுவாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, பேர் இருந்தால்தான் எனக்கு ஜெபம் ஓடும். தமிழில் எழுது. இங்கிலீஷில் எழுதினால் உன் பெரியம்மா தப்பாக வாசித்து எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுவாள்.

அன்புடன்,
அம்மா