உங்கள் அட்டவணையில் ஒரு கட்டம் குறைகிறது

வலைச் செயலிகளுக்கான திறமூல டெஸ்டிங், செக்யூரிட்டி லைப்ரரிகளை ஒப்பிட்டு அட்டவணை போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் அட்டவணைகளைப் பார்த்து லைப்ரரி தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன். இடப்பக்கம் பெயர்கள், மேலே வசதிகள், நடுவில் பச்சை டிக்குகள், கடைசியில் கிட்ஹப் ஸ்டார் எண்ணிக்கை. புது வேலை தொடங்கும் நாளில் இப்படி ஒன்று கையில் கிடைத்தால் அரை நாள் மிச்சம். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வருகிறேன். ஒரு லைப்ரரி என்னென்ன செய்யும் என்று எழுதுகிறீர்கள். எதைக் கோட்டைவிடும் என்று எழுதுவதில்லை.

நான் முன்பு இருந்த குழுவில் டெஸ்ட்டுகளை ஓட்டும் ஜெஸ்ட்டும், பிரவுசர் போல நடிக்கும் ஜேஎஸ்டாமும் வைத்து டெஸ்ட் எழுதினோம். ஓர் அட்டவணையில் ‘கிளிக் சோதனை’ என்ற வரியில் ஜேஎஸ்டாமுக்கும் டிக், பிளேரைட் என்ற இன்னொரு கருவிக்கும் டிக். வேகத்தில் ஜேஎஸ்டாம் எங்கோ முன்னால். அப்புறம் என்ன யோசனை! எல்லா டெஸ்ட்டும் பச்சையாக ஓடி ரிலீஸும் போனது. மறுநாளே, கைபேசியில் ‘உறுதிசெய்’ பொத்தானை அழுத்தவே முடியவில்லை என்று புகார் வர ஆரம்பித்தது. குக்கிக்கு அனுமதி கேட்கும் பட்டை, சின்னத் திரையில் அந்தப் பொத்தான்மேல் வந்து படுத்துக்கொண்டிருந்தது.

ஜேஎஸ்டாமுக்கு இது தெரிய வழியே இல்லை. அது பக்கத்தை வரைவதில்லை. எந்த உறுப்பின் அளவைக் கேட்டாலும் பூஜ்யம் என்றுதான் சொல்லும். ஒன்றின்மேல் இன்னொன்று கிடக்கும் என்பதே அதன் உலகத்தில் கிடையாது. கிளிக்கை நேராகப் பொத்தானின் கையில் கொடுத்துவிடுகிறது, பொத்தானும் வாங்கிக்கொள்கிறது. அதே டெஸ்ட்டைப் பிளேரைட்டில் கைபேசித் திரை அளவு வைத்து எழுதிப் பார்த்தேன். அது உண்மையான பிரவுசரை ஓட்டுகிறது. பொத்தான் கண்ணில் படுகிறதா, ஆடாமல் நிற்கிறதா, அந்த இடத்தில் அழுத்தினால் அதற்குத்தான் போய்ச் சேருமா என்று முதலில் பார்க்கிறது. இன்ன டிவ் (பக்கத்தின் ஒரு பகுதி) குறுக்கே நின்று கிளிக்கை மறிக்கிறது என்று பட்டையைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டு, நேரம் முடிந்து டெஸ்ட் தோற்றது.

ஜேஎஸ்டாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. கூட்டல் கழித்தல் போடும் ஒரு ஃபங்ஷனைச் சோதிக்க பிரவுசரைத் திறப்பது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற வேலை. ஆனால் அந்த இரண்டு டிக்கும் ஒரே டிக் இல்லை. பிரவுசரில் டெஸ்ட் ஓட்டும் இன்னொரு கருவியான சைப்ரஸைப் பிளேரைட்டோடு ஒப்பிடும்போதும் இதே கதைதான். சைப்ரஸ் பிரவுசருக்கு உள்ளே, செயலியோடு சேர்ந்து ஓடுகிறது. பிளேரைட் வெளியிலிருந்து இயக்குகிறது. அதனால்தான் ஒரே டெஸ்ட்டில் இரண்டு டேப் திறந்து வைப்பது சைப்ரஸுக்குக் கைவராது. இதை அவர்கள் தங்கள் ஆவணத்திலேயே வரம்பு என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அதை எடுத்து ஒட்டினாலே போதும்.

டெஸ்டிங் லைப்ரரி சொதப்பினால் நாலு நாளில் யாராவது வந்து கத்துவார்கள். செக்யூரிட்டி லைப்ரரி சொதப்பினால் எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும். அதனால் இந்த இரண்டு வகையையும் ஒரே அளவுகோலால் அளக்கவே கூடாது என்பேன்.

கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்பப் படிக்க முடியாத குறியீடாக்கிப் பாதுகாக்கும் பிகிரிப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் வெளிவந்தது, இன்னும் மதிப்போடு இருக்கிறது. ஆனால் அது முதல் 72 பைட்டை மட்டும்தான் பார்க்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான்; 72 எழுத்துக்குக் கடவுச்சொல் வைப்பவர் அபூர்வம் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. தமிழில் வைத்துப் பாருங்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் கணக்கு, புள்ளிக்கும் தனிக் கணக்கு. ‘மழை வந்தால் குடை வேண்டும்’ என்று எழுதினால் 22 குறிகள், ஒவ்வொன்றும் ஒரு பைட்டாக 3 இடைவெளிகள், ஆக 69 பைட். அடுத்த இடைவெளியோடு 70. மிச்சம் இரண்டே பைட். அடுத்து வரும் சொல் ‘தம்பி’யோ ‘நண்பா’வோ ‘பாட்டி’யோ, எதுவானாலும் அதன் முதல் இரண்டு பைட் ஒன்றேதான். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோடுக்கான பிகிரிப்ட் லைப்ரரியில் ‘மழை வந்தால் குடை வேண்டும் தம்பி’ என்று பதிவுசெய்தவர் கணக்கில் ‘மழை வந்தால் குடை வேண்டும் பாட்டி’ என்று போட்டு உள்ளே போகலாம். பிழைச் செய்தி எதுவும் வராது.

கோ என்ற நிரல்மொழியின் துணைத் தொகுப்பில் உள்ள பிகிரிப்ட்டோ 72 பைட்டைத் தாண்டிய கடவுச்சொல்லைப் பதிவுசெய்யும்போதே ‘இது நீளம் அதிகம்’ என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஒரே அல்காரிதம், உங்கள் அட்டவணையில் ஒரே டிக், நடத்தை நேர் எதிர். இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2024 அக்டோபரில் மற்ற நிறுவனங்களுக்கு உள்நுழைவுச் சேவை தரும் ஆக்டா நிறுவனம் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. பயனர் பெயர் 52 எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால், சில நிபந்தனைகளில், கடவுச்சொல் சரியாக இல்லாமலே நுழைய முடிந்திருக்கிறது. ஐடி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி பிகிரிப்ட்டிடம் கொடுத்திருந்தார்கள். கடவுச்சொல் எல்லைக்கு வெளியே போய் விழுந்துவிட்டது. 2015இல் கடவுச்சொல் ஹேஷிங் (இப்படிக் குறியீடாக்கும் முறை) போட்டியில் வென்ற ஆர்கான்2வுக்கு இந்த 72 பைட் தொல்லை கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது சொல்ல வேண்டிய முதல் வித்தியாசங்களில் ஒன்று அல்லவா இது?

டிக் இல்லாததே நல்லதாக இருக்கும் இடமும் உண்டு. நோடில் வலைச் செயலி கட்ட உதவும் எக்ஸ்பிரஸோடு சேர்த்துப் போடும் ஹெல்மெட் லைப்ரரி, பிரவுசருக்குப் பதிலோடு போகும் குறிப்புகளில் பழைய எக்ஸ்எஸ்எஸ் (பக்கத்தில் பிறர் தீய நிரலைப் புகுத்தும் தாக்குதல்) வடிகட்டித் தலைப்பை வேண்டுமென்றே 0 என்று அனுப்புகிறது. பழைய பிரவுசர்களில் இருந்த அந்த வடிகட்டியே புதிய ஓட்டைகளுக்கு வழிவிட்டது என்பதுதான் காரணம். ஓர் ஒப்பீட்டில் இதற்குச் சிவப்புச் சிலுவை போட்டிருந்ததைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

டெஸ்டிங், செக்யூரிட்டி என்ற இரண்டு உலகமும் சந்திக்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். டெஸ்ட் வேகமாக ஓட வேண்டும் என்று ஜேஎஸ்டாமை எடுத்துவிட்டு அதே மாதிரியான ஹேப்பிடாம் வைக்கச் சொல்லும் ஒப்பீடுகள் நிறைய. டெஸ்ட்டுக்கு மட்டும் என்றால் சரி. ஆனால் சர்வரில் எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யும் டாம்பியூரிஃபைக்கும் இப்படி ஒரு போலி பிரவுசர் தேவை. அதை ஹேப்பிடாமோடு சேர்த்தால் எக்ஸ்எஸ்எஸ் வர வாய்ப்புண்டு என்று டாம்பியூரிஃபை எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். உங்கள் வேகப் பட்டியலை மட்டும் பார்த்தவர் டெஸ்ட்டில் மாற்றியதை சர்வரிலும் மாற்ற மாட்டார் என்று என்ன உத்தரவாதம்?

டெஸ்ட் கருவிதானே, டெவலப்பர் கணினியில்தானே ஓடப்போகிறது என்ற அலட்சியமும் உங்கள் அட்டவணைகளில் தெரிகிறது. 2018 ஜூலையில் நிரலில் பிழை தேடும் கருவியின் ஒரு பகுதியான ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் என்ற தொகுப்பின் ஒரு பதிப்பில் யாரோ விஷம் வைத்தார்கள். பயனர் தளத்தில் ஓடாத கருவி அது. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகள் வெளியாகும் என்பிஎம் தளத்தில் நிறுவியவருக்கு உள்ள டோக்கனை, அதாவது நுழைவுச் சாவியைத்தான் அது திருடியது. அந்தச் சாவி கிடைத்தால் அவர் வெளியிடும் தொகுப்புகளிலும் கைவைக்கலாம்.

ஸ்டார் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ‘கடைசியாகப் புதுப்பித்த தேதி’ பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தேதி பழையது என்றால் சந்தேகப்படுங்கள், சரி. எக்ஸ்பிரஸ் உலகில் எல்லோரும் வைத்திருந்த சிசர்ஃப் என்ற பாதுகாப்பு லைப்ரரி 2022இல் கைவிடப்பட்ட பிறகும் பட்டியல்களில் டிக்கோடு உட்கார்ந்திருந்தது. ஆனால் தேதி புதியது என்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் தொகுப்பில் பின்வாசல் வைத்தவர் வெளியாள் இல்லை. நெடுநாள் ஒழுங்காகப் பங்களித்துப் பராமரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்த விஷத்தை எங்கே ஒளித்தார் தெரியுமா? டெஸ்ட்டுக்கான கோப்புகளுக்குள். தூரத்துக் கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழி நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆன்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் நோண்டிப் பார்த்ததால் வெளியே வந்தது. ‘சுறுசுறுப்பான பராமரிப்பு’ என்ற உங்கள் வரியில் எக்ஸ்இசட் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு லைப்ரரிக்கும் ‘எதைப் பிடிக்காது’ என்று ஒரு கட்டம். பக்கத்தில், நீங்களே ஓட்டிப் பார்த்த பதிப்பு எண். ஓட்டிப் பார்க்காமல் ஆவணத்தைப் படித்து எழுதியது என்றால் அதையும் அப்படியே போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். கட்டத்தை நிரப்ப நேரமில்லை என்றால், ஜேஎஸ்டாமுக்கும் பிகிரிப்ட்டுக்கும் உரிய இரண்டு வரியை மேலே எழுதிவிட்டேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மழைக் கடவுச்சொல்லை மட்டும் முதலில் உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைகளின் நெடுநாள் வாசகன்