அவர்கள் கணவன் மனைவி அல்லர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் காதல் டூயட்டுகள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்துக்கொண்டு வந்தேன், ‘ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்’ பற்றிய பத்தி வரும்வரை. அந்தப் பாட்டைப் பாடிய அமெரிக்கக் கண்ட்ரி இசைப் பாடகர்கள் கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் தம்பதி என்று போட்டிருக்கிறீர்கள். போதாததற்குப் படத்தின் கீழேயும் ‘கணவருடன் டாலி’!

டாலி 1966-இல் மணந்தது கார்ல் டீனை. மேடைப் பக்கம், கேமரா பக்கம் தலைகாட்டாத மனிதர். 2025 மார்ச்சில் அவர் இறக்கும்வரை அந்தத் தாம்பத்தியம் நீடித்தது. கட்டுரையாளர் ஜானி கேஷ், ஜூன் கார்ட்டர் ஜோடியோடு குழப்பிக்கொண்டாரோ என்னவோ. அவர்களுடைய ‘ஜாக்சன்’ டூயட் 1967-இல் வந்தது, அடுத்த வருடம் கல்யாணம்.

பெயர்க் குழப்பம்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் நிஜக் காதல் இருந்ததால்தான் அந்தக் குரல்களில் அவ்வளவு நெருக்கம் என்று கட்டுரை ஒரு முடிவுக்கே வந்துவிடுகிறது. அந்தப் பாட்டு உருவான கதையைப் பார்த்தால் அப்படிச் சொல்லவே முடியாது.

முதலில் அது டூயட்டே இல்லை. பீ கீஸ் என்ற பாப் குழுவின் கிப் சகோதரர்கள் மூவரும் சேர்ந்து, ரிதம் அண்ட் புளூஸ் என்னும் கறுப்பின அமெரிக்கர்களின் இசைப் பாணியில் எழுதிய பாட்டு. அவர்களில் மூத்தவரான பேரி கிப், கென்னியின் ஆல்பத்தைத் தயாரித்தவர்களில் ஒருவர். கென்னி தனியாக நான்கு நாள் பாடிப் பார்த்திருக்கிறார். ஒட்டவில்லை. எனக்கு இந்தப் பாட்டே பிடிக்காமல் போய்விட்டது என்று அவர் சலித்துக்கொள்ள, டாலியைக் கூப்பிடலாம் என்றாராம் பேரி. நல்ல வேளையாக டாலி அன்று அதே கட்டடத்தில் இருந்தார். அவர் வந்து வாயைத் திறந்ததும் அது வேறு பாட்டாகிவிட்டது என்று கென்னி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கென்னி கரகரத்த குரலில் தணிவாகத் தொடங்குவார். பல்லவியை இருவரும் சேர்ந்து பாடி முடித்ததும், டாலி தனியாக எடுக்கும் சரணத்துக்குச் சுருதியே மாறும். அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும் எனக்கு. அந்தச் சுகம் மெட்டுப் போட்டவர்களின் கெட்டிக்காரத்தனமும் இரண்டு தேர்ந்த தொண்டைகளும் சேர்ந்து செய்தது. கல்யாணப் பத்திரிகைக்கு அதில் வேலை இல்லை.

அப்புறம், தம்பதி பாடினால்தான் உருகும் என்றால் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் கதையை என்ன செய்வது? 1975-இல் விவாகரத்து. மறு வருடமே ஒரு கல்யாண மோதிரத்தின் கதையான ‘கோல்டன் ரிங்’ பாட்டை இருவரும் சேர்ந்து பாடி, கண்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். டாலியின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’கூட காதலனுக்கு எழுதியதல்ல. டிவி நிகழ்ச்சியில் ஏழு வருடம் உடன் பாடிய போர்ட்டர் வேகனரை விட்டுப் பிரியும்போது, விடை சொல்லி எழுதியது.

இன்னும் இரண்டு விஷயம். கண்ட்ரி இசையை ‘நாட்டுப்புற இசை’ என்று மொழிபெயர்க்காதீர்கள். படிப்பவருக்குத் தெம்மாங்கும் கும்மியும்தான் நினைவுக்கு வரும். அது அமெரிக்காவின் நாஷ்வில் நகரை மையமாகக் கொண்ட, ரேடியோவும் ரெக்கார்டு கம்பெனிகளும் வளர்த்த பெரிய தொழில். இந்தப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983 அக்டோபரில் பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கண்ட்ரி பட்டியலில் மட்டுமல்ல, எல்லா வகைப் பாட்டும் மோதும் ஹாட் 100-இலும் முதலிடத்துக்கு வந்தது. அடுத்து ஒரு கண்ட்ரி பாட்டு அந்த உச்சிக்குப் போக 2000-ஆம் வருடம் ஆயிற்று, லோன்ஸ்டார் குழுவின் ‘அமேஸ்ட்’.

பாட்டின் தலைப்பை ‘ஓடையில் தீவுகள்’ என்று தமிழாக்கியதும் சரியில்லை. அது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே இறந்த பிறகு, 1970-இல் வெளியான நாவலின் தலைப்பு. அங்கே ‘ஸ்ட்ரீம்’ என்பது பஹாமாஸின் பிமினி தீவு, கியூபா பக்கம் ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற கடல் நீரோட்டம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவில் (ஐல் ஆஃப் மேன்) பிறந்து, மயாமி கடற்கரையில் குடியேறிய கிப் சகோதரர்களுக்கு அந்தத் தலைப்பு பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போட்டால் போதும். நான் உங்கள் இதழ்களை வருடா வருடம் பைண்டு செய்து வைக்கிறவன். அந்தப் படத்தின் கீழே இப்போதைக்குப் பென்சிலால் அடித்துத் திருத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்