லிபூர்னிலிருந்து மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. ஒயினில் சேன்த்-எமிலியோன் உசத்தியா, போமெரோல் உசத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவருக்கா நான் ஒயினைப் பற்றிச் சொல்வது! இருந்தாலும் எழுதுகிறேன்.

இரண்டும் நான் இருக்கும் இந்த லிபூர்னை ஒட்டிய பிரெஞ்சு ஊர்கள், ஒயினுக்கும் அதே பெயர். இரண்டிலும் மெர்லோ திராட்சைதான் அதிகம், கூடவே கொஞ்சம் கபெர்னே ஃபிரான். மண்தான் வேறு. சேன்த்-எமிலியோன் மேடு சுண்ணாம்புப் பாறை. அதைக் குடைந்தே ஒரு மாதாகோயில் எழுப்பியிருக்கிறார்கள். போமெரோலில் களிமண், அடியில் இரும்பு கலந்த மண். அதனால் போமெரோல் வழுவழுவென்று தொண்டையில் இறங்கும். மேட்டு எமிலியோன் முதலில் துவர்க்கும், முறைக்கும். சில வருடம் பொறுத்துத் திறந்தால் வாசனை நின்று பேசும். என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் தோர்தோன் ஆற்றோர மணலில் விளைவதும் அதே பெயரில்தான் வருகிறது, அது லேசு. பெயரை நம்பி வாங்காதீர்கள். எமிலியோனில் 1955 முதல் ஒயின் தோட்டங்களுக்குத் தரவரிசை உண்டு. போமெரோலில் இன்றுவரை இல்லை. அங்கே பெயர்போன பெத்ரூஸ் தோட்டத்துக்கே பட்டம் கிடையாது, விலைக்கு மட்டும் குறைவில்லை.

காசு கொடுத்துக் குடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். நான் வேலை செய்யும் உணவகத்தில் மேசையில் மிஞ்சும் புட்டியிலிருந்து தலைமைச் சமையல்காரர் ஒரு வாய் ஊற்றித் தருவார்.

கீழ்வீட்டுக் கிழவர் ஒரு விசித்திரம். சூப்பின் அடி மிஞ்சியதும் அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கிறார். இந்தப் பக்கத்துப் பழைய வழக்கமாம். 1956 பிப்ரவரிக் கடுங்குளிரில் கொடிகள் செத்த கதையை, சிறுவனாக இருந்தபோது பார்த்ததை, வாரம் தவறாமல் சொல்கிறார். நானும் வாரம் தவறாமல் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் வேறு யார் என்னோடு பேசப்போகிறார்கள்? அவர் கிண்ணத்தை உறிஞ்சும் சத்தத்தில், தாத்தா இலையில் ரசத்தை வழித்துக் குடிப்பது கண்முன் வந்தது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

அது கிடக்கட்டும். முத்தியால்பேட்டை வீட்டில் சித்தப்பா தன் பங்கை விற்கப் போகிறாராமே? நீங்கள் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும்வரை அம்மா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். செல்விக்கு வந்திருக்கும் காரைக்கால் வரன், பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது என்பதற்காக நாற்பது பவுன் கேட்பது அநியாயம். அந்தக் குடியுரிமையோடு இங்கே பாத்திரம் கழுவுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நகைச்சீட்டுப் பணம் இந்த மாதம் கொஞ்சம் தாமதமாகும். வங்கி வேலை, வேறொன்றுமில்லை. பையனின் வேலை என்ன, எந்த ஊரில் என்று விசாரித்து எனக்கு எழுதிய பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமார்