38 வயதில் பயிற்சிப் பட்டதாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பகுதியைக் கான்பெராவிலிருந்து இணையத்தில் படித்துவரும் வாசகி நான். ஆஸ்திரேலிய மத்திய அரசின் பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தில் இவ்வாண்டு பிப்ரவரியில் சேர்ந்தேன். வயது 38; பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். செய்தியைச் சொன்னதும் மதுரையிலிருந்து என் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "இந்த வயசுல உனக்கு எதுக்குடி டிரெயினிங்?" என்பதுதான்.

அவரைக் குறைகூற முடியாது. குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 32 வயதோடு வாய்ப்பு முடிந்துவிடும் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விந்தையாகத்தான் இருக்கும். இங்கே இத்திட்டத்துக்கு வயது வரம்பு இல்லை. பொதுவாகக் குடியுரிமையும், அந்தந்தத் துறை குறிப்பிடும் அண்மை ஆண்டுகளுக்குள் முடித்த ஒரு பட்டமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஊரில் வாங்கிய பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கிடங்கிலும் கடைக் கல்லாவிலும் நிற்கும் தமிழ்த் தாய்மார்கள் பலரைச் சிட்னியின் மேற்குப் புறநகர்களில் எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இங்கே மீண்டும் படித்துத் தேறியவர்கள். ஆனாலும் இது சின்னப் பிள்ளைகளுக்கான திட்டம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நானும் ஓராண்டு அப்படித்தான் ஒதுங்கியிருந்தேன். அவர்களுக்காகவே என் அன்றாடத்தை எழுதுகிறேன்.

ஜூலை மாதத்தில் கான்பெராவின் காலை வெப்பநிலை பல நாட்களில் சுழியத்துக்குக் கீழே போய்விடும். மாவு புளிக்காது. முதல் நாள் மாலையே மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் இரவெல்லாம் எரியவிட்டால்தான் காலையில் இட்லி. கணவர் மருத்துவமனையில் ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர். அவர் பகலில் வீட்டிலிருக்கும் வாரங்களில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது அவர் பொறுப்பு. மற்ற வாரங்களில் பள்ளி வளாகத்திலேயே இயங்கும் காலைக் காப்பகத்தில் ஏழரை மணிக்கு அவர்களை விட்டுவிட்டு, கங்காலினிலிருந்து நகர மையத்துக்குச் செல்லும் டிராமைப் பிடிப்பேன். 12 கிலோமீட்டரை அரைமணிக்குள் கடந்துவிடும் அந்தப் பயணம் மட்டுமே நாளில் எனக்கென்று இருப்பது.

பயிற்சி என்றதும் வகுப்பறையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏறக்குறைய ஓராண்டுக்குள் இரண்டு மூன்று பிரிவுகளுக்கு மாற்றி மாற்றி அனுப்பி, மற்ற அலுவலர்கள் பார்க்கும் அதே வேலையைத்தான் தருகிறார்கள். அமைச்சருக்குச் செல்லும் குறிப்பை இரண்டு பக்கத்துக்குள் எழுதுவது என் முதல் வேலை. நான் எழுதியனுப்பிய குறிப்பு திரும்பி வந்தபோது கறுப்பைவிடச் சிவப்பே அதிகமாக இருந்தது. "அமைச்சர் எதை முடிவு செய்ய வேண்டும் என்பது நான்காம் பத்தியில் ஒளிந்திருக்கிறது" என்று ஓரத்தில் ஒரு வரி. எழுதிய மேலதிகாரி என்னைவிட ஒன்பது வயது இளையவர். அன்று கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. இப்போது முதல் வரியிலேயே அதை எழுதிவிடுகிறேன்.

பெரும்பாலான துறைகளில் நாளொன்றுக்கு ஏழரை மணி நேர வேலை. பயிற்சியில் இருப்பவர் உட்பட இளநிலை, நடுநிலை அலுவலர்கள், பிரிவின் தேவைக்கு ஏற்ப, தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் நகர்த்திக்கொள்ளலாம். கூடுதலாக உழைத்த நேரத்தைப் பின்னர் ஓய்வாக எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2009ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளிப் பருவத்துப் பிள்ளை உள்ளவர் நெகிழ்வான பணிநேரம் கேட்க வேண்டுமானால் பொதுவாக 12 மாதப் பணியை முடித்திருக்க வேண்டும். அந்த உரிமை கைக்கு வரும்போது பயிற்சியே முடிந்துவிட்டிருக்கும். நல்லவேளையாக, அரசுத் துறைகளின் பணி ஒப்பந்தங்கள் புதிதாகச் சேர்ந்தவரும் கேட்பதற்கு வழிவிடுகின்றன. நான் மூன்றாம் வாரத்திலேயே கேட்டேன். செவ்வாயும் வியாழனும் நான்கு மணிக்குக் கிளம்பவும், வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை பார்க்கவும் எழுத்திலேயே அனுமதி கிடைத்தது.

நாடாளுமன்றம் கூடும் வாரங்களில் மட்டும் அந்த எழுத்து சற்று வெளிறிவிடுகிறது. கேள்வி நேரம் பிற்பகல் இரண்டு மணிக்கு. அதற்கான குறிப்புகள் முற்பகலிலேயே தயாராக வேண்டும். அப்படி ஒரு நாள் காலை பதினொன்றே முக்காலுக்கு, சின்னவளுக்குக் காய்ச்சல், உடனே வந்து அழைத்துச் செல்லுங்கள் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரர் என் கோப்பைத் தாமே திறந்துகொண்டு, "கிளம்புங்கள்" என்றார். கணக்கில் பராமரிப்பு விடுப்பு இருந்தது. ஆனால் அந்த ஒரு சொல் இல்லாமல் அன்று என்னால் எழுந்திருக்க முடிந்திருக்காது.

குறையும் உண்டு. என்னுடன் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள். நிகழ்ச்சி நிரலும் அவர்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது. மூன்று நாள் உறைவிடப் பயிற்சியை ஏப்ரல் பள்ளி விடுமுறையில் வைத்து, பத்து நாளுக்கு முன்புதான் தெரிவித்தார்கள். மாலை ஐந்தரை மணிக்கு மேல் நடக்கும் சந்திப்புகளில் என்னால் கலந்துகொள்ள முடிவதில்லை. அடுத்து எந்தப் பிரிவில் நல்ல வேலை காத்திருக்கிறது என்ற தகவல் அங்கேதான் பரிமாறப்படுகிறது என்பதைத் தாமதமாகவே அறிந்தேன். பயிற்சி அட்டவணையைப் பள்ளிப் பருவத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வெளியிட ஒரு பிற்பகல் போதும். இதை எங்கள் துறையிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இடமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். பணியிடங்கள் பெரும்பகுதி கான்பெராவில். சிட்னியிலிருந்து நாங்கள் குடிபெயர்ந்தோம். பணியில் சேரும் நாளும் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி திறக்கும் நாளும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. குடிபெயர்வுக்கு உதவித்தொகை தரும் துறைகள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலான துறைகள் ஆண்டின் தொடக்க மாதங்களில் விண்ணப்பம் கோரி, மறு ஆண்டின் தொடக்கத்தில் பணியில் சேர்க்கின்றன. அடுத்த அறிவிப்பு வரும்போது, வயது வரம்பு இல்லை என்ற வரியோடு அதைத் தங்கள் வேலைவாய்ப்புப் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கங்காலின், கான்பெரா.