பினாங்கு நண்பனுக்கு: ராஸ்பெரி பை 4-க்கு எந்த ஓஎஸ்?

கோலாலம்பூர்

அன்பு நண்பா,

தமிழ்ப்பள்ளி நூலகத்தில் இணையம் இல்லாமலே தமிழ் விக்கிப்பீடியா ஓடவேண்டும், கையில் இருப்பது பழைய ராஸ்பெரி பை 4 என்ற ஒற்றைப் பலகைக் கணினி, 2 ஜிபி ரேம், அதற்கு ஓஎஸ்ஸாக (இயங்குதளமாக) உபுண்டு போடலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல காரியம். உபுண்டு வேண்டாம், டெஸ்க்டாப் இல்லாத ராஸ்பெரி பை ஓஎஸ் லைட், 64-பிட் போடு. திரையும் மவுஸும் இல்லாமல் மூலையில் கிடந்து கிவிக்ஸ் சர்வரை (இணையமின்றி விக்கிப்பீடியாவைக் காட்டும் நிரல்) மட்டும் ஓட்டப்போகிற பலகைக்கு டெஸ்க்டாப் எதற்கு? உபுண்டு சர்வரும் இந்த வேலையைச் செய்யும்தான். ஆனால் பை ஓஎஸ்ஸின் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில் ஒரு வசதி இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அதுதான் முக்கியம். கடைசியில் சொல்கிறேன்.

ஓஎஸ்ஸைவிட மெமரி கார்டும் கரண்டும்தான் ஆளைப் படுத்தும். கார்டில் கிளாஸ் 10 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதே. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக எழுதும் வேகம்தான் அது. ஓஎஸ்ஸுக்குச் சின்னச் சின்னதாக அங்கங்கே படிக்கிற, எழுதுகிற வேகம் வேண்டும். அதற்கான முத்திரை ஏ1. விநாடிக்கு 1,500 வாசிப்பு, 500 எழுத்து உறுதி என்று பொருள். சில வெள்ளி மிச்சம் பிடிக்க மலிவுக் கார்டு வாங்கினால் போலி மாட்டும். போலிக் கார்டு 64 ஜிபி என்று பொய் சொல்லும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். லைட் இமேஜ் (கார்டில் எழுதும் ஓஎஸ் கோப்பு) சின்னது என்பதால் அந்த 8 ஜிபிக்குள் ஒழுங்காக எழுதப்பட்டு, அதை எழுதும் இமேஜர் நிரலின் சரிபார்ப்பிலும் தேறிவிடும். பிறகு விக்கிப்பீடியா கோப்பை ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே புதுக் கார்டை முதலில் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார். 32 ஜிபி கார்டு 29.8 என்று காட்டினால் பயப்படாதே, அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம்.

இனி எழுதும் வேலை. ராஸ்பெரி பை இமேஜரின் புதிய பதிப்பை இறக்கு. பழைய இமேஜரில் நீ கொடுக்கும் அமைப்புகள் புதிய இமேஜில் ஒட்டாமல் போகலாம். பலகை, ஓஎஸ், கார்டு மூன்றையும் தேர்ந்தெடுத்ததும் அமைப்புகள் பக்கத்தில் கணினிப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி), ஆசியா/கோலாலம்பூர் நேரம், வைஃபை நாடு எம்ஒய் (மலேசியா) எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிடு. பழைய வீடியோக்களில் பயனர் பை, கடவுச்சொல் ராஸ்பெரி என்பார்கள். ஏப்ரல் 2022-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். வைஃபை விவரத்தைக் கார்டின் பூட் (தொடக்கப்) பகுதியில் ஒரு கோப்பாகப் போடும் வித்தையும் அக்டோபர் 2023-இல் வந்த புக்வர்ம் பதிப்போடு செத்துப்போனது. எழுதி முடித்ததும் விண்டோஸ், இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். அதற்கு லினக்ஸ் பகுதியைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கார்டை எடு.

கரண்டுக்குக் கைப்பேசி சார்ஜர் வேண்டாம். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கு. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று, 2019-இல் வந்த முதல் பை 4 பலகைகளில் யுஎஸ்பி-சி வாயில் ஒரு கோளாறு உண்டு. மடிக்கணினியோடு வரும் சில்லு வைத்த கேபிளைச் செருகினால் சார்ஜர் அதை ஹெட்போன் சாதனம் என்று எண்ணிக் கரண்டே கொடுக்காது. செத்துப்போனதாக நினைத்துப் பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதே.

முதல் தடவை மட்டும் டிவியில் மாட்டிப் பார். யுஎஸ்பி-சிக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்ரோ எச்டிஎம்ஐ வாயில் செருகு. பச்சை விளக்கு நான்கு தடவை மினுக்கி நின்றால் தொடக்கக் கோப்பு இல்லை, ஏழு என்றால் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையக் கோப்பு) இல்லை. இரண்டுக்கும் கார்டை மறுபடி எழுதிப் பார். கார்டே இல்லாமலும் திரையில் ஒன்றும் வராவிட்டால் இமேஜரிலேயே பூட்லோடரை (பலகையைத் தொடங்கிவைக்கும் நிரல்) மீட்கும் இமேஜ் இருக்கிறது, அதை எழுதிப் போடு.

பிள்ளைகள் படிக்கும் டேப்லெட்டுகளை இணைக்க உன் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டர் போதும், பையை அதில் லேன் கேபிளில் இணை. ஒரு வகுப்புப் பிள்ளைகளைப் பையின் சொந்த வைஃபையில் ஏற்றாதே. கிவிக்ஸ்-டூல்ஸை ஆப்ட் (நிரல் நிறுவும் கட்டளை) வழியாக நிறுவி, தமிழ் விக்கிப்பீடியா அடங்கிய ஜிம் கோப்பை நகலெடு. பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்து கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால், இடம் இருந்தும் ஏற்காது, எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள். பை 4-இல் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, இணையமும் இல்லையென்றால் தேதி தப்பாகத்தான் காட்டும். விக்கிப்பீடியா படிக்க அதனால் குறையொன்றும் இல்லை.

இப்போது அந்த வசதி. மணி அடித்ததும் யாராவது சுவரில் பிளக் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஷட்டவுன் எல்லாம் நடக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் கார்டு கெட்டுப்போகும். ராஸ்பி-கான்ஃபிக்கில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று இருக்கும். அதை இயக்கினால் கார்டு படிக்க மட்டும்தான். எழுதுவதெல்லாம் ரேமில் போய், அணைத்ததும் மறைந்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் ஏற்றி, கிவிக்ஸ் தானாகத் தொடங்குகிறதா என்று இரண்டு தடவை ரீபூட் செய்து பார்த்த பிறகே இயக்கு. பின்னால் புது ஜிம் கோப்பு போடவேண்டுமானால் அதை அணைத்து, ரீபூட் செய்து, ஏற்றி, மறுபடி இயக்கவேண்டும்.

பெட்டி வாங்காமல் இரு. மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் நம்ம ஊர் வெக்கைக்கு 80 டிகிரியைத் தொட்டு வேகம் குறையும். அடுத்த வாரம் ஜாலான் பாசார் பக்கம் போகிறேன், அலுமினிய உறை கிடைக்கிறதா பார்க்கிறேன். அதற்குள் பலகையை இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்