மாரிக்கு முன் நீர்ப்பம்பியைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரையும் அதனை அண்டிய கிராமங்களையும் சேர்ந்த பல வீதிகள் கொங்கிறீற் இட்டு உயர்த்தப்பட்டதால், ஓரத்து வளவுகள் வீதியைவிடப் பள்ளமாகிவிட்டன. ஆகவே வளவின் மூலையில் குழி வெட்டி, கிணற்று வளையம் இறக்கி, நீரில் மூழ்கி இயங்கும் பம்பியொன்றை வைத்து மழைநீரை வடிகானுக்கு இறைக்கும் வீடுகளை இப்போது காண்கிறோம். தை மாதத்துடன் மறக்கப்படும் அந்தப் பம்பி, ஐப்பசி மழை முற்றத்தை மூடும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த நேரத்தில் மோட்டர் திருத்துபவரைப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது யாவரும் அறிந்ததே.

புரட்டாதியிலேயே குழிக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். மிதவை எழுந்ததும் மோட்டர் தானாக இயங்கி, நீர் வற்றியதும் தானாக நிற்க வேண்டும். மிதவையின் வயர் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தால் மோட்டர் எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை.

கரையோர மணல்தான் இங்கு பம்பிகளின் முதல் எதிரி. நீருடன் ஏறும் மணல், உள்ளே சுழலும் சக்கரத்தையும் நீர் புகாமல் காக்கும் சீலையும் தேய்த்துவிடும். எனவே பம்பியைக் குழியின் அடியில் நேரே வைக்காமல், இரண்டு கொங்கிறீற் கற்களின் மேல் நிறுத்தி, அடியில் சேரும் மணலையும் பம்பி நீரை உறிஞ்சும் வலையில் ஒட்டும் சருகு, பொலித்தீன்களையும் இடையிடையே அள்ள வேண்டும்.

பழுது சொல்லாமல் வருவதில்லை. சக்கரம் சுழலாமல் மோட்டர் முனகினால், உள்ளே கல் இறுகியிருக்கலாம், அல்லது மோட்டர் சுழலத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். நின்ற சில நிமிடங்களில் மீண்டும் மீண்டும் இயங்கினால், வெளியேற்றும் குழாயிலுள்ள ஒருவழி வால்வைப் பார்க்க வேண்டும். அது மூடாவிட்டால் இறைத்த நீர் குழிக்கே திரும்பும். குழிநீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, பம்பியைப் போட்டதும் ட்ரிப் சுவிச் விழுந்தாலோ சீல் போய் மோட்டருக்குள் நீர் புகுந்திருக்கக்கூடும். அதன்பின் ஒரு நாள்கூட அதனை ஓட்டக் கூடாது.

ட்ரிப் சுவிச் விழுகிறதென்று அதனைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இது உயிரோடு விளையாடுவது. 230 வோல்ட் மின்சாரம் தேங்கிய நீரில் கசியும்போது நம்மைக் காக்க இருப்பது 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழும் அந்தச் சுவிச் ஒன்றுதான். பிளக்கைக் கழற்றாமல் குழிக்குள் கை வைப்பதும், வயரைப் பிடித்துப் பம்பியைத் தூக்குவதும் அதேபோல் ஆபத்தானவை.

2011 ஜனவரியில் போல வாவி நிரம்பி ஊரெங்கும் ஒரே மட்டத்தில் வெள்ளம் நிற்கையில் எந்தப் பம்பியாலும் வளவை வற்றவைக்க முடியாது; மோட்டர்தான் ஓய்வின்றி ஓடிச் சூடேறும். அப்போது பிரதான சுவிச்சை நிறுத்திவிட்டு, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்த மணல் வெட்டப்பட்டு நீர் இறங்கத் தொடங்கிய பின் இறைப்பதே புத்திசாலித்தனம்.

இங்ஙனம்,
கல்லடி வாசகர்