அலைகரையில் பெக்கோ இறக்குமுன்: குளங்களைத் திருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டக் குளங்களைப் பொறுப்பாகப் பார்க்கும் பொறியியலாளர்களுக்கும், கமக்காரர் அமைப்புகளின் தலைவர், செயலாளர்மாருக்கும் வணக்கம்.

ஆவணி, புரட்டாதியில் குளங்கள் வற்றிக் கிடக்கும்போது திருத்த வேலைகள் தொடங்கும். கட்டை உயர்த்துவது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசைப் பழுதுபார்ப்பது, மிகுநீர் வழிந்தோடும் வானைச் சீமெந்து போட்டு இறுக்குவது, இவற்றிலெல்லாம் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் பலியானதை அறிந்த யாரும் கட்டின் விடயத்தில் அசட்டையாக இருக்கச் சொல்லமாட்டார்கள். கட்டின் மேல் பெருமரம் வளர்ந்தால் வெட்டத்தான் வேண்டும். வேர் செத்து உக்கினால் அந்த வழியே தண்ணீர் கசியும். நான் எழுத வந்தது அலைகரையைப் பற்றி, அதாவது குளத்து நீர் ஏறி இறங்கும் ஓரச் சாய்வைப் பற்றி.

மண் வெட்டும் இயந்திரமான பெக்கோ வந்தால் அலைகரைக்கு நடப்பது இதுதான். பன், கோரை, சம்பு என்ற நீரோரச் செடிகள் எல்லாம் ‘பற்றை’ என்ற ஒரே பெயரில் வழிக்கப்படும். சாய்வாகக் கிடந்த கரை செங்குத்தாக வெட்டப்படும். அப்புறம் மரநடுகை விழா. வேம்பு, தேக்கு, மகோகனி என்று கையில் கிடைத்த கன்றுகள், ஒரே இடைவெளியில், ஒரே வரிசையில். எந்தக் குளம், யார் செய்தது என்று இங்கே சொல்லப்போவதில்லை. மார்கழியில் வான் பாயும்போது கன்றுகள் தண்ணீருக்குள் நிற்கும். பங்குனியில் போய்ப் பார்த்தால் கூட்டுக்குள் குச்சிதான் மிச்சம். ‘மாடு கடித்துவிட்டது’ என்பார்கள். மாடு கடிக்கவில்லை, மூச்சு முட்டிச் செத்தது.

வேருக்கும் காற்று வேண்டும். மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளிவிட்டால், எஞ்சிய ஒட்சிசனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். வேம்பும் தேக்கும் அதன் பிறகு கனநாள் தாங்காது. தாமரைத் தண்டை ஒடித்துப் பாருங்கள். நூல் இழுபடுவதை எல்லோரும் பார்த்திருப்போம்; அதன் உள்ளே நீளவாக்கில் ஓடும் துளைகளைக் கவனிப்பவர் குறைவு. இலை எடுக்கும் காற்று அந்தக் குழாய்கள் வழியாகத்தான் சேற்றுக்குள் கிடக்கும் கிழங்குக்குப் போகிறது. பன்னுக்கும் சம்புக்கும் நெல்லுக்கும்கூட இந்த வசதி உண்டு.

மண்ணே இதைச் சொல்லும். வற்றிய குளத்தின் தாழ்ந்த பகுதியில் ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். மண் சாம்பல் நிறத்தில், சிலவேளை நீலம் கலந்து வரும். மாதக்கணக்காக ஒட்சிசன் இல்லாமல் கிடந்ததில் இரும்பு கரைந்து, செம்மை போய்விட்ட மண் அது. அதற்குள்ளே பழைய வேர் போன தடங்களில் மட்டும் துருப்பிடித்ததுபோல் செம்மஞ்சள் கோடுகள் இருக்கும். வேர் வழியே கசிந்த காற்று அந்த இரும்பைத் திரும்பத் துருவாக்கியிருக்கிறது. இன்னும் மேலே ஏறி, வான் பாயும் மட்டத்துக்கும் மேலே வெட்டினால் நமது செம்மண். காய்ந்தால் கல், நனைந்தால் களி. அங்கே பாலையும் முதிரையும் நிற்கும். இரண்டுக்கும் இடையில், வருடத்தில் சில வாரங்கள் மட்டும் நனையும் பட்டையில் மருது, பனிச்சை, நீர்க்கடம்பு. காட்டில் யாரும் நட்டு வைக்காமலே இந்த ஒழுங்கு இருக்கிறது. ஒரு முழக்குழி சொல்வதைப் பார்த்துவிட்டு நட்டால் பாதிக் கன்று தப்பும்.

சரி, எல்லாக் கரையிலும் இதே ஒழுங்கா? இல்லை. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிறதல்லவா? பெரிய குளங்களில் அந்தக் காற்றை நேரே வாங்கும் கிழக்கு, வடகிழக்குக் கரைகளை அலை அரித்தபடியே இருக்கும். அங்கே நுண்மண் தங்காது. மணலும் பருக்கைக் கல்லும்தான். புல்கூடத் திட்டுத் திட்டாகத்தான் வரும். அரித்த வண்டல் காற்று மறைந்த மூலைகளில் போய்ப் படியும். தாமரையும் அல்லியும் அங்கேதான் அடர்ந்து நிற்கும். கச்சான் கரையில் தாமரை நட முயன்றவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

கரையைச் செங்குத்தாக வெட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நூறு அடிக்கு ஓரடி சாய்வுள்ள கரையில் நீர்மட்டம் ஓரடி இறங்கினால் நூறு அடி அகலத்துக்கு ஈரநிலம் வெளிப்படும். சேற்றில் உறங்கிய விதைகள் முளைத்து, கோரையும் பசும்புல்லும் பொன்னாங்காணியும் கிடுகிடுவென்று வரும். சுற்றியுள்ள நிலம் பொரிந்து கிடக்கும் மாதங்களில் பட்டி மாடுகளுக்கு அதுதான் சாப்பாடு. மறுபடி மழை வந்து அந்தப் புல் மூழ்கும்போது மீன்குஞ்சுகளுக்கு மறைவிடம். செங்குத்தாக வெட்டிய கரையில் ஓரடி இறங்கினால் வெளிப்படுவது ஒரு மண்சுவர்தான்.

நீர்மட்டம் ஏறி இறங்கும் காலம்தான் இங்கே எசமான். அதை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மின்னேரியா, கவுடுல்ல குளங்களைப் பாருங்கள். ஆடி முதல் புரட்டாதி வரை வற்றும் படுகையில் வளரும் புல்லுக்காகத்தான் யானைகள் அங்கே நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட பிறகு வந்த சில வருடங்களில் கோடையிலும் அதிலிருந்து வந்த தண்ணீர் அந்தக் குளங்களில் நிரம்பி நின்றது. புல்வெளி மூழ்கிப்போக யானைக்கூட்டமும் குறைந்தது. கந்தளாய்க்கும் மின்னேரியாவிலிருந்து யோத எல என்ற கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஆகவே இது அடுத்த மாவட்டத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் வயற்காரன்தான். துருசு திறக்கும் நாட்களைத் தீர்மானிக்கும்போது படுகைப் புல்லும் கணக்கில் வரட்டும்.

சல்வீனியா, ஆகாயத்தாமரை பற்றியும் ஒரு வார்த்தை. ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909இலேயே இந்த நாட்டில் தனிச்சட்டம் போட்டார்கள், இன்னும் அள்ளிக்கொண்டுதான் இருக்கிறோம். இவை மிதக்கும் சாதி. மண் தேவையில்லை, தண்ணீரில் கரைந்து வரும் உரமே போதும். மேல் வயல்களிலிருந்து வரும் நீரில் வண்டலையும் உரத்தையும் மறித்துப் பிடிப்பது குளத்தின் வாயில் நிற்கும் பன்னும் கோரையும்தான். அவற்றை வழித்துவிட்டுச் சல்வீனியா அள்ளச் சிரமதானம் வைப்பது எந்தக் கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. தூர் எடுப்பதானால் குளத்தின் ஆழமான நடுப்பகுதியில் எடுங்கள்; ஓரச் சாய்வைத் தொடவேண்டாம். நீர் வரும் வாயில் பன் நிற்கட்டும். பாய் இழைக்கிறவர்கள் வழமைபோல் அறுத்துக்கொள்வார்கள், அது திரும்பத் தளிர்க்கும். மரம் நடுவதானால் வான் பாயும் மட்டத்தை ஒட்டி மருதும் பனிச்சையும், அதற்கு மேலே ஏறி வேம்பு. மகோகனியை அலைகரைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

துருசடி அளவுகோலில் எழுதிவைக்கும் நீர்மட்டக் குறிப்புகளை, கடந்த சில வருடங்களுக்குரியவற்றை, இந்தப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த மாதம் எதுவரை நனையும் என்பது அதில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வேலைத்திட்டத்தோடு அலைகரையை ஒருமுறை சுற்றி நடப்போம். பட்டிக்காரர்களையும் கூப்பிடுங்கள். எந்த மூலையில் மாடு புதையும், எந்த இடத்தில் புல் முதலில் வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இதுவரை எந்தக் கூட்டத்திலும் அவர்களை யாரும் கேட்டதாக நான் காணவில்லை.

இப்படிக்கு,
தம்பலகாமத்திலிருந்து ஒரு வயற்காரன்